விண்டோஸ் 10-லிருந்து 11: கடையில் உள்ள ரெண்டு சிஸ்டத்துக்கும் ஏத்தலாமா?

மண்டபம்_டிடிபி
ஜெராக்ஸ், டிடிபி கடை. ரெண்டு சிஸ்டத்திலும் விண்டோஸ் 10.

முதல் சிஸ்டம் ஐ3-4130, 4 ஜிபி ராம், ஹார்ட்டிஸ்க். பேஜ்மேக்கர், பாமினி (தமிழ் எழுத்துரு), கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இதில்தான். ரெண்டாவது ஐ3-8100, எச்310 போர்டு, 8 ஜிபி, 240 ஜிபி எஸ்எஸ்டி. சி, டி, இ மூணு டிரைவ். ஆன்லைன் விண்ணப்பமும் கைரேகை மெஷினும் இதில்.

ரெண்டாவதில் பிசி ஹெல்த் செக் (11-க்குத் தகுதி பார்க்கும் மைக்ரோசாஃப்ட் ஆப்) ஓட்டினால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப் வசதி) இல்லை, செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) இல்லை என்கிறது. போர்டு மாத்தணுமா?

கீழக்கரை_ஹார்டுவேர்
போர்டு மாத்த வேண்டாம் தம்பி. உங்க ஐ3-8100 இன்டெல் 8-ஆம் தலைமுறை, அதிலிருந்து 11-க்குத் தகுதி உண்டு. டிபிஎம் உங்க சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கு, பயாஸில் (விண்டோஸுக்கு முன்னாடி திறக்கும் போர்டு செட்டிங்ஸ்) அணைஞ்சு கிடக்கு. 'பிடிடி' என்ற பேரில் தேடி எனேபிள் பண்ணுங்க. பிறகு ரன்னில் டிபிஎம்.எம்எஸ்சி அடித்தால் 2.0 காட்டும்.

செக்யூர் பூட்தான் வேலை வைக்கும். அதுக்குப் பயாஸில் சிஎஸ்எம்மை (பழைய பூட் முறைக்கான வசதி) அணைக்கணும். டிஸ்க் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை) ஆக இருந்தால், அணைச்ச உடனே விண்டோஸ் பூட் ஆகாது. அதனால் முதலில் டிஸ்கை ஜிபிடி (புதிய பார்ட்டிஷன் முறை) ஆக்கணும். அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில்:

எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ் (ஆங்கிலத்தில் அடிக்கணும்: mbr2gpt /validate /allowFullOS)

இந்தச் சோதனை தேறினால், வேலிடேட் இடத்தில் கன்வெர்ட் (convert) போடுங்க. முடிஞ்சதும் பயாஸில் சிஎஸ்எம் டிஸேபிள், செக்யூர் பூட் எனேபிள். பழைய கிராஃபிக்ஸ் கார்டு செருகியிருந்தால் அந்த நேரம் திரை கறுப்பாகலாம். கழட்டிட்டு போர்டிலுள்ள விஜிஏவில் மானிட்டரை மாட்டுங்க.

மண்டபம்_டிடிபி
நன்றி காக்கா. வேலிடேட் போட்டேன், டிஸ்க் லேஅவுட் ஃபெயில் என்று வருது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இ டிரைவைச் சுத்தி மட்டும் பச்சைக் கட்டம்.

கீழக்கரை_ஹார்டுவேர்
அந்தப் பச்சைக் கட்டம்தான் காரணம். எம்பிஆரில் சிஸ்டம் ரிசர்வ்டு, சி, டி என்று மூணு பிரைமரி ஆனதும், நாலாவதை விண்டோஸ் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் வைக்கும். இந்தக் கட்டளை எக்ஸ்டெண்டட் இருந்தாலே ஏத்துக்காது. பிரைமரியும் மூணுக்கு மேல் கூடாது.

இ-யில் உள்ளதை வெளி டிஸ்குக்குக் காப்பி பண்ணி, ரெண்டு மூணு ஃபைலைத் திறந்து பாருங்க. பிறகு இ-யை டெலீட் செஞ்சு, மிஞ்சிய பச்சை இடத்தையும் டெலீட் பண்ணுங்க. கறுப்புப் பட்டையோட 'அன்அலொகேட்டட்' என்று மாறணும். மறுபடி வேலிடேட். சி, டி-யும் காப்பி இல்லாம கன்வெர்ட்டைத் தொடாதீங்க.

தொண்டி_சர்வீஸ்
அண்ணன் சொன்னதோட ஒண்ணு: பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடி போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் செல்லை மாத்துங்க. செல் செத்திருந்தா, கரண்ட் போய் வந்ததும் பயாஸ் பழைய செட்டிங்குக்குத் திரும்பும். பிடிடி அணையும், சிஎஸ்எம் வரும், 'பூட் டிவைஸ் இல்லை' என்று நிற்கும். பலர் எஸ்எஸ்டி போச்சுன்னு நினைச்சிடறாங்க. நம்ம கடற்கரை உப்புக் காத்தில் ராம் பின்களும் மங்கும். கேபினட்டைத் திறந்த கையோட ராமைக் கழட்டி, பென்சில் ரப்பரால் பின்களை லேசா தேய்ச்சு, துகளைத் தட்டிட்டு மாட்டுங்க. கன்வெர்ட் ஓடும்போது யுபிஎஸ் கட்டாயம்.

கைரேகை மெஷினுக்கு 11-இல் ஓடும் டிரைவர் இருக்கான்னு தயாரிப்பாளர் தளத்தில் முதல்லயே பாருங்க. ஏத்தின பிறகு மெஷின் ஓடலைன்னா, 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, கோ பேக். அதுவரை டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸை அழிச்சிடாதீங்க.

தேவிபட்டினம்_லினக்ஸ்
முதல் சிஸ்டத்தை அப்படியே விடுங்க. 4-ஆம் தலைமுறைக்குத் தகுதி இல்லை. ரூஃபஸ் (தகுதிச் சோதனையைத் தாண்டி ஏத்த உதவும் பென்டிரைவ் கருவி) வழியா ஏத்தலாம், ஏறும். ஆனா ஆண்டுப் பதிப்பு தானா வராது, ஒவ்வொரு தடவையும் ஐஎஸ்ஓ (விண்டோஸ் நிறுவும் ஃபைல்) இறக்கிக் கையால் ஏத்தணும். பிழைப்பு நடக்கிற சிஸ்டத்தில் அந்த வழியை நான் சொல்லமாட்டேன்.

விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிஞ்சது. அதன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தா, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இஎஸ்யூ-வில் (கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம்) சேரலாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கோட செட்டிங்ஸை சிங்க் செஞ்சா காசில்லை. அதுக்குப் பிறகு நெட்டை எடுத்துட்டு பத்திரிகை வேலைக்கு மட்டும் வைங்க. ஃபைலைப் பென்டிரைவில் ரெண்டாவது சிஸ்டத்துக்கு மாத்தும்போது ஸ்கேன் பண்ணுங்க.

பாமினி டிடிஎஃப் ஃபைல்களை இப்பவே தனியா காப்பி எடுங்க. அது யூனிகோடு இல்லை. எழுத்துரு போச்சுன்னா பத்து வருஷப் பத்திரிகையும் ஆங்கில எழுத்துக் குப்பையாத்தான் திறக்கும்.