பிறை ஆற்றில் பாதி வழியில் சூடாகிவிடும் படகு இஞ்சின்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம், பிறை ஆற்றில் தூண்டில் போடப் போகும் 14 அடி பைபர் படகு என்னுடையது. இஞ்சின் 15 எச்பி, டூ ஸ்ட்ரோக், பழையது வாங்கி நான்கு வருடம் ஆகிறது.

தீபாவளிக்கு அடுத்த வாரம் ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்துதான் தொல்லை. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடியதும் இஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டில் பீய்ச்சும் நீர் நூல் போல மெலிந்து, இஞ்சின் சூடேறி வேகம் தானாகக் குறைகிறது. அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். போன வாரம் துடுப்பு போட்டுத்தான் கரை சேர்ந்தோம், மச்சானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை!

நீர் உறிஞ்சும் வலையில் இருந்த வேரை எல்லாம் எடுத்துவிட்டேன். பீய்ச்சும் துளையைக் கம்பியால் குத்திப் பார்த்தேன். சூடானால் நீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் போட்டேன், ஒழுங்காகத் திறக்கிறது. அப்புறம் இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) கழற்றினால் பழையதில் இரண்டு இதழ் இல்லை. புதிது மாட்டினேன், ஆனால் உடைந்த துண்டுகள் மட்டும் பம்புக்குள் கிடைக்கவில்லை. அவை மேலே போய் நீர்வழியை அடைத்திருக்குமோ என்பதுதான் என் சந்தேகம். வீட்டில் டிரம் தண்ணீரில் ஓட்டினால் நீர் நன்றாகவே பீய்ச்சுகிறது, அதுதான் குழப்பம். கடைக்காரர் சிலிண்டர் ஹெட்டை (சிலிண்டரின் மூடி) திறக்கவேண்டும் என்கிறார். பழைய போல்ட்டு, உப்பு ஏறியிருக்கும், உடைந்தால் செலவு எங்கோ போய்விடும்.

ஹெட்டைத் திறக்காமல், பம்பிலிருந்து மேலே போகும் நீர்க்குழாயில் எதிர்த்திசையில் தண்ணீர் அடித்து அந்தத் துண்டுகளை வெளியே எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?