மிச்சிகனிடம் 13-10 தோற்ற அந்தச் சனிக்கிழமை: உங்களிடம் யார் என்ன சொன்னார்கள்?

சி_டெக்_ரசிகன்:

ஆட்டத்தை விவரிக்கத் தேவையில்லை, இங்கே எல்லோரும் பார்த்ததுதான். 2024 நவம்பர் 30, கல்லூரி அமெரிக்கக் கால்பந்து, நம் ஊர் கொலம்பஸ், நாம் (ஒஹாயோ ஸ்டேட்) நாட்டிலேயே 2-ஆம் இடம், அவர்கள் 6 வெற்றி 5 தோல்வியோடு வந்தவர்கள், முடிவு 13-10. அப்புறம் அந்த சீசனின் தேசியக் கோப்பையையே ஜெயித்தோம், அதுவும் தெரியும். ஆனாலும் அன்று பக்கத்து இருக்கைப் பெரியவர் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என்னை விடவில்லை.

அரங்கத்தின் மேல்தளம், சி டெக். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு கம்பளி, ஒரு காதில் ரேடியோ. ஹைஸ்கூல் டீமுக்கு லைன் கோச்சாக (முன்வரிசையில் நின்று முட்டுகிறவர்களுக்குப் பயிற்சி தருபவராக) இருந்தவராம், முதல் குவார்ட்டரிலேயே சொன்னார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. மூன்றாவது குவார்ட்டர் தொடங்கியதும் நம் ஆட்கள் வரிசையில் வந்து நிற்கும்போதெல்லாம், ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்குவதற்கு) முன்னாலேயே, யாரையும் பார்க்காமல் மெதுவாக "நடுவில்" என்பார். பந்து நடுவில்தான் போகும். அங்கே மிச்சிகனின் தடுப்பு வீரர்கள் மேசன் கிரகாமும் கென்னத் கிராண்டும் மலை மாதிரி நிற்பார்கள். 2 யார்டு, சில சமயம் அதுவும் இல்லை. அடுத்த டவுன், அதாவது அடுத்த முயற்சி, மறுபடியும் "நடுவில்". நாலாவது குவார்ட்டரில் எங்கள் வரிசையில் பாதிப் பேர் முதலில் அவர் வாயைப் பார்த்துவிட்டுத்தான் திடலைப் பார்த்தார்கள்.

வெளியே, எறிகிற பந்தைப் பிடிக்க, ஜெரமையா ஸ்மித், எமேகா எக்புகா, கார்னெல் டேட் என்று மூன்று பேர் நிற்கிறார்கள், நாம் நடுவில் போய் முட்டிக்கொண்டிருக்கிறோம். 26 ஓட்டம், 77 யார்டு, சராசரி 3 கூட வரவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளி கிடையாது. எனக்கு ஆத்திரம் தாங்காமல் அவரிடமே கேட்டேன், உங்களுக்கே தெரிகிறதே, நம் ஆட்டத் திட்டம் போட்ட சிப் கெல்லிக்குத் தெரியாதா என்று. பதில் சொல்லவில்லை.

கடைசியில் மிச்சிகனின் கலெல் மல்லிங்ஸ் அந்த மூன்றாவது டவுனில் 27 யார்டு ஓடினான் பாருங்கள், அப்போதே எங்கள் பகுதியில் ஆட்கள் எழுந்துவிட்டார்கள். 45 விநாடி இருக்கும்போது அவர்கள் கிக்கர் ஸ்வாடா 21 யார்டு ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி). பெரியவர் கம்பளியை நாலாக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு எழுந்தார், என் தோளில் ஒரு தட்டு தட்டி, "அவர்களும் நடுவில்தானே ஓடினார்கள் தம்பி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

உண்மைதான். மிச்சிகன் ஓடியே 172 யார்டு எடுத்தது, அவர்கள் குவார்ட்டர்பேக் எறிந்து எடுத்தது வெறும் 62. அவர்கள் திட்டமும் ஒளிவு மறைவு இல்லாத திட்டம், நம் டிஃபன்ஸுக்கும் தெரிந்த திட்டம். அப்படியானால் நம்முடையது திட்டத்தின் தப்பா, லைனின் தப்பா? லைனில் சென்டர் செத் மெக்லாஃப்லின் காயம், லெஃப்ட் டேக்கிள் ஜோஷ் சிம்மன்ஸ் ஓரிகன் ஆட்டத்திலேயே காயம்பட்டு வெளியேறிவிட்டான். அந்த லைனை வைத்துக்கொண்டு நடுவில் போகச் சொன்னது யார் என்று நான் இன்றைக்கும் கேட்பேன். ஆனால் அவர் என்ன சொல்ல வந்தார் என்பது மட்டும் பிடிபடவில்லை. உங்களுக்கும் அன்றைக்கு இப்படி யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் எழுதுங்கள்.

ரூட்_23:

அண்ணா, லைன் திட்டம் எல்லாம் இருக்கட்டும். 34 யார்டு ஒன்று, 38 யார்டு ஒன்று, நம்முடைய இரண்டு ஃபீல்டு கோல் தவறின. ஆறு புள்ளி. தோற்றது மூன்றில். கணக்கு இவ்வளவுதான்.

என் கதை சின்னது. ஆட்டம் முடிந்து நானும் ரூம்மேட்டும் 23-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போகிறோம், வழியில் பெட்ரோல் போட நின்றோம். அந்தச் சாலை நேரே மிச்சிகன் அணியின் ஊரான ஆன் ஆர்பருக்குப் போகிற சாலை, அதனால் காபி மெஷின் பக்கம் இரண்டு நிறத்துக்காரர்களும் கலந்து நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன், நம் சிவப்பு ஜெர்சி, கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது, நேரே ஒரு மிச்சிகன்காரரிடம் போய் "உங்கள் கிக்கர் எப்படிப் பழகுகிறான்?" என்று கேட்டான். அவன் அப்பா பின்னாலிருந்து இழுக்கிறார். அந்த மனிதர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, "கடைசியில் அடித்த 21 யார்டை விடு, அதற்கு முன்னால் 54 யார்டு அடித்தானே, அதைத் திரும்பப் போட்டுப் பார்" என்றார். கிண்டலே இல்லை, நிஜமாகச் சொல்லிக்கொடுத்தார். பையனும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான்.

எனக்கு என்ன உறுத்துகிறது என்றால், அந்தப் பையன் ஆட்டத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறான், நாம்தான் ஆறு மாதமாக சிப் கெல்லி, தலைமைக் கோச் ரயன் டே என்று சுற்றிச் சுற்றிப் பேசுகிறோம். அவர்களிடம் அடிக்கிற கிக்கர் இருந்தான்.

டஸ்கலூசா_2013:

நான் ஒஹாயோ இல்லை, அலபாமா. ஆனால் ரூட்_23 எழுதியதைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

2013-லும் அதே நவம்பர் 30. ஆபர்னோடு 28-28, ஒரு விநாடி பாக்கி, எங்கள் 57 யார்டு ஃபீல்டு கோல் முயற்சி குறைவாக விழ, ஆபர்னின் கிரிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மறுகோடிவரை ஓடினார், 34-28. அதற்கு முன்னால் எங்கள் கிக்கர் கேட் ஃபாஸ்டர் முயன்ற 3 ஃபீல்டு கோலும் வீண். நான் அன்று டஸ்கலூசாவில் ஒரு நண்பன் வீட்டில் இருந்தேன், பத்துப் பன்னிரண்டு பேர், டிவியை அணைக்கக்கூட யாரும் எழவில்லை. ஒருவன் மட்டும் போனில் தட்டிக்கொண்டிருந்தான். முடித்துவிட்டு எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினான். ஃபாஸ்டருக்கு அனுப்புகிற செய்தி. அதில் இருந்ததை இங்கே எழுத மாட்டேன். வகுப்பில் அமைதியாக இருக்கிற, எனக்கு நோட்ஸ் கொடுக்கிற பையன் அவன். வாசித்து முடித்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள், அவன் அனுப்பு பொத்தானை அழுத்திவிட்டு சோபாவில் சாய்ந்துகொண்டான். அந்தக் கட்டைவிரல் அழுத்தியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஃபாஸ்டருக்கு அன்று கொலை மிரட்டல்களே வந்தன. அப்புறம் ஜார்ஜ் டபிள்யூ புஷ் கைப்பட ஒரு கடிதம் எழுதினார், ஃபாஸ்டரின் ஜெர்சி எண் 43, புஷ்ஷும் 43-ஆவது ஜனாதிபதி. ஒரு ஜனாதிபதி எழுத வேண்டிய அளவுக்குப் போய்விட்டது, இருபத்து சொச்சம் வயதுப் பிள்ளை.

அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன். தோற்ற அன்று இரவு போனை எடுக்காதீர்கள், எடுத்தாலும் வீரர்களின் பக்கத்துக்குப் போகாதீர்கள். ஒரு வாரம் கழித்து ஆட்டத்தை முழுதாகத் திரும்பப் பாருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு, வர்ணனை கேட்டால் அவர்கள் கருத்துதான் உங்கள் கருத்தாகும். பந்தைப் பார்க்காதீர்கள், அஃபன்ஸ் லைனில் இருக்கிற ஐந்து பேரை மட்டும் பாருங்கள், முதல் அடி யார் வைக்கிறார்கள், யார் பின்னால் தள்ளப்படுகிறார்கள் என்று. அப்புறம் இன்னொரு முறை, டிஃபன்ஸின் கடைசி வரிசையில் நிற்கிற சேஃப்டி இரண்டு பேரை மட்டும். அவர்கள் ஆழத்தில் நின்றார்களா, முன்னால் இறங்கினார்களா என்று தெரிந்தால்தான் ஓடச் சொன்னது சரியா தப்பா என்று பேசவே முடியும். ஃபீல்டு கோலைப் பார்த்தால் கிக்கரோடு நிறுத்தாதீர்கள், ஸ்னாப் செய்தவனையும் பந்தைப் பிடித்து வைத்தவனையும் சேர்த்துப் பாருங்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்கிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் யாருடைய பெயரையும் சொல்லித் திட்டாதீர்கள், அந்தப் பெயர்தான் அவர்கள் மனதில் நிற்கும். சாப்பிட்டுவிட்டுப் பேசுங்கள். பசியோடு ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் சண்டைதான் வரும். இன்னொன்று, பக்கத்து வீட்டுக்காரர் எதிர் அணி ரசிகராக இருந்தால் நீங்களே முதலில் போய் வாழ்த்துச் சொல்லிவிடுங்கள், மறுநாள் அவரை எதிர்கொள்வது சுலபமாகிவிடும்.

ரூட்_23:

நான் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. 6 புள்ளி போனது என்று சொல்வது கணக்கு, மிரட்டல் இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். இந்த யோசனையெல்லாம் யார் கேட்டது?

நீலமும்_மஞ்சளும்:

மிச்சிகன் ஆள் நான், சுருக்கமாக ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

2015 அக்டோபர் 17, ஆன் ஆர்பர், மிச்சிகன் ஸ்டேட்டோடு. 23-21 நாங்கள் முன்னால், 10 விநாடி, பன்ட் செய்தால், அதாவது பந்தைத் தூர உதைத்துவிட்டால் போதும். பன்டர் பிளேக் ஓனீல் கையில் ஸ்னாப் நிற்கவில்லை, தடுமாறினார், அவர்களின் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார், 27-23. அந்த ஓட்டத்தின் முடிவில் அவருக்கே இடுப்பு பிசகியது. அரங்கத்தில் எனக்கு முன் வரிசையில் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர், வயதானவர், தனியாக வந்திருந்தார். அவர் பக்கம் ஜெயித்துவிட்டது. கத்தவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தார், எழுந்த இடத்திலேயே இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு "மன்னித்துவிடுங்கள்" என்றார். எதற்கு மன்னிப்பு என்று அவருக்கும் தெரிந்திருக்காது. நான் பதிலே சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

13-10 அன்று எங்கள் பையன்கள் உங்கள் திடலின் நடுவில் கொடியை நடப் போனார்கள், கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடித்தது, இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் நாம் ஆடுகிற பிக் டென் லீக் தலா 1,00,000 டாலர் அபராதம் போட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பச்சைச் சட்டைக்காரரைப் பார்த்தவனுக்குப் பிடிக்காது.

தங்கக்_கால்சட்டை:

நீலம் நண்பருக்கு நன்றி. சி_டெக் அண்ணாவுக்கு ஒன்று.

2025 ஜனவரி 20, அட்லாண்டா, நோட்ரடேமை 34-23 என்று ஜெயித்த இரவு நான் அங்கே இருந்தேன். வெளியே வந்தால் எங்கும் சிவப்பு, முன்பின் தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடிக்கிறார்கள். கூட்டத்தில் நடக்கும்போது என் பக்கத்தில் ஒரு அம்மாள், அவர் மகளோடு. மகள் குதித்துக்கொண்டே, "இப்போது சொல்லுங்கள், மிச்சிகன் தோல்வி மறந்துபோச்சா இல்லையா" என்கிறாள். அந்த அம்மாள் கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினார். சின்னதாக, விரல் நுனி அளவில், தங்கக் கால்சட்டைப் பதக்கம். வீட்டில் யாரோ முன்னாள் வீரராம். மகளிடம், "இந்தப் பையன்களுக்கு மோதிரம் வரும், இது வராது" என்றார். மகள் குதிப்பதை நிறுத்திவிட்டாள்.

தெரியாதவர்களுக்கு: மிச்சிகனை ஜெயிக்கிற ஆண்டு மட்டும் வீரர்களுக்கு அந்தப் பதக்கம் கொடுப்பார்கள், 1934-இல் ஃபிரான்சிஸ் ஷ்மிட் கோச்சாக வந்த காலத்திலிருந்து. அவர்களும் நம்மைப் போல ஒரு காலுக்குப் பின் ஒரு காலாகத்தான் கால்சட்டை போடுகிறார்கள் என்று அவர் சொன்னதிலிருந்து வந்த வழக்கம். ஜாக் சாயர், எக்புகா, ட்ரெவியன் ஹெண்டர்சன், டுய்மோலோவ், எல்லோரும் 2021-இல் வந்தவர்கள். மிச்சிகனிடம் தோற்றது 42-27, 45-23, 30-24, 13-10. நாலு வருடம், ஒரு பதக்கம் கிடையாது. இவ்வளவு நல்ல பையன்கள் தேசியக் கோப்பையோடு போகிறார்கள், இது இல்லாமல் போகிறார்கள். எனக்குக் கோப்பை பெரிதுதான், மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாற்ற மாட்டேன், ஆனால் ஒன்று இன்னொன்றை அழிக்கும் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

ரூட்_23 தம்பிக்கும் ஒன்று. அட்லாண்டாவில் 31-23 என்று இருக்கும்போது 26 விநாடி பாக்கியில் 33 யார்டு அடித்து ஆட்டத்தை முடித்தது நம் அதே கிக்கர் ஜேடன் ஃபீல்டிங்தான். 34 தவறியவன் 33 அடித்தான்.

சி_டெக்_ரசிகன்:

அட்லாண்டா ஆட்டத்தை வைத்தே சொல்கிறேன். அந்த ஃபீல்டு கோலுக்கு வழி செய்தது எது? மூன்றாவது டவுன், 11 யார்டு தேவை, நம் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் வெளியே ஸ்மித்துக்கு எறிந்தான், 56 யார்டு. அதற்கு முன்னால் டென்னசி ஆட்டம், டிசம்பர் 21, முதல் குவார்ட்டரிலேயே 21-0. அதே காயம்பட்ட லைன், மெக்லாஃப்லினும் இல்லை சிம்மன்ஸும் இல்லை. முதலில் வெளியே எறிந்தார்கள், டிஃபன்ஸ் விரிந்தது, அப்புறம் ஹெண்டர்சனும் ஜட்கின்ஸும் நடுவிலேயே ஓடி ஆளுக்கு இரண்டு டச்டவுன் போட்டார்கள். ஓரிகனோடு ரோஸ் பௌலில் 34-0 வரைக்கும் போனதும் இதே வழிதான். ஆக ஆட்கள் இருந்தார்கள், மூன்று வாரத்தில் திட்டம்தான் மாறியது. பெரியவர் லைன் கோச், அவருக்கு லைன்தான் தெரியும், நான் என் பக்கத்தை விட மாட்டேன்.

ரூட்_23:

டென்னசியில் மேசன் கிரகாம் இல்லையே அண்ணா. கென்னத் கிராண்டும் இல்லை. அவர்கள் இரண்டு பேரும் நிற்கிற இடத்தில் வெளியே எறிந்தால் மட்டும் ஹோவர்டுக்கு நேரம் கிடைத்திருக்குமா? மிச்சிகன் ஆட்டத்தன்று இரண்டு இன்டர்செப்ஷன் (எதிராளி பிடித்துக்கொள்கிற எறி) வீசினான், அதுவும் எறிந்துதானே. நீங்கள் சொல்வதில் பாதி சரி, நாலாவது குவார்ட்டரில் எறிந்திருக்க வேண்டும். மூன்றாவதில் ஓடியது தப்பில்லை. நீங்கள் வேண்டுமானால் ஆட்டத்தைப் போட்டுப் பாருங்கள், மூன்றாவது குவார்ட்டரில் அவர்கள் சேஃப்டிகள் எவ்வளவு ஆழத்தில் நின்றார்கள் என்று எழுதுங்கள், நானும் பார்த்துவிட்டு வருகிறேன்.