மழை மிகுந்த ஊரில் குடியிருப்பது நன்மையா? வால்பாறையும் காங்கேயமும்

சோலையாற்றுக்காரன் (வால்பாறை):

தேயிலைத் தோட்டங்களில் வேலை முடித்து ஓய்வு பெறுகிறவர்கள், தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் இறங்கிவிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். எனக்கும் அந்த வயது நெருங்குகிறது. “இந்த மழைக்குள் இனி எதற்கு?” என்று உறவினர்கள் அனைவரும் கேட்கிறார்கள். வால்பாறை நகரிலேயே சிறிய வீடொன்றை வாங்கிக்கொண்டு இந்த மழையிலேயே மீதி நாட்களைக் கழிக்க விரும்புகிறேன். காரணங்களைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. அருகிலுள்ள சின்னக்கல்லாறு, தென்னிந்தியாவிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆனியிலும் ஆடியிலும் வெயில் முகத்தையே காணாமல் நாட்கள் தொடர்ந்து போவதுண்டு. துவைத்த துணி அடுப்படிக் கொடியில்தான் காயும். ஆனால் சித்திரையில் ஈரோடும் கரூரும் 40 பாகை செல்சியசைத் தாண்டிக் காயும் காலத்தில், இங்கே நாங்கள் போர்வைக்குள் உறங்குகிறோம். வயதானவர்களுக்குப் பகல் வெயிலைவிட, இரவிலும் தணியாத வெக்கைதான் பெருந்துன்பம். தூக்கம் கெடுகிறது, உடல் தளர்கிறது. அந்தத் துன்பம் இங்கே இல்லை. கொல்லையில் ஒரு மேராக்காய்க் கொடியை நட்டுவிட்டால், மழைக்காலம் முழுவதும் அதற்குத் தண்ணீர் ஊற்றும் வேலை யாருக்கும் இல்லை. மாட்டுக்குப் புல் தேடி நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை. குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரம் ஒரு குடும்பத்தின் நாளிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதைச் சமவெளியில் இருக்கும் என் தங்கை வீட்டில்தான் பார்த்தேன். அந்த நேரம் இங்கே எங்களுக்கு மிச்சமாகிறது. மழை கொடுக்கும் நன்மைகளுள் முதலாவதாக அதைத்தான் வைப்பேன்.

கொரங்காடு (காங்கேயம்):

வணக்கம் அண்ணா. மறுக்கலாம் என்றீர்கள், மறுக்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பது எங்கள் ஊர். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வருவது. உங்களுக்கு ஆடியில் மழை பொழியும் அதே தென்மேற்குக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வறண்ட காற்றாக வந்து, பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. இந்த வறட்சியை ஒரு குறையாக மட்டுமே பேசுவதை நான் ஏற்கவில்லை. காங்கேயத்தைச் சுற்றியுள்ள தேங்காய் உலர்களங்கள் அனைத்தும் இந்தக் குறைந்த மழையை நம்பித்தான் நடக்கின்றன. தேங்காய்ப் பருப்பு காயும்போது நனைந்தால் பூஞ்சணம் பிடித்து விலை போகாது என்பதால், மழை மிகுந்த கேரளத்திலிருந்தும் இங்கே கொண்டுவந்து காய வைக்கிறார்கள். ஈரோட்டு மஞ்சளுக்கும் வேகவைத்தபின் வெயில்தான் வேண்டும்.

கொரங்காட்டைப் பாருங்கள். கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். ஓரிரு மழை விழுந்தாலே தழைக்கும் அந்தப் புல்லை மேய்ந்து உருவானதுதான் காங்கேயம் மாட்டினம். அதிகம் பெய்யாத மழையை அளந்து செலவழிக்கத் தெரிந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக அமைத்த மேய்ச்சல் நிலம் அது.

உடல்நலத்தையும் சொன்னீர்கள். என் தாயாருக்கு ஈளை நோய் உண்டு. ஈரமான சுவரும் பூஞ்சணமும் அவருக்கு ஆகாது; காங்கேயத்தின் உலர்ந்த காற்றில்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறார். மூப்பில் மருத்துவம் அவசரமாகத் தேவைப்பட்டால், 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் பயணம் செய்து நீங்கள் பொள்ளாச்சிக்கு வர வேண்டும். மண் சரிந்து பாதை அடைபட்ட நாளாக அது இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஆழியாற்றுப் பாசனம் (ஆனைமலை):

இரண்டு பேரும் ஒரே தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதால் இடையில் வருகிறேன்.

காங்கேயத்துத் தம்பி, உங்கள் களத்தில் காயும் தேங்காய் எங்கே விளைந்தது? எங்கள் ஆனைமலை, பொள்ளாச்சித் தோப்புகளிலிருந்தும் உங்கள் பக்கம் வருகிறது. அந்தத் தோப்புகளுக்கு நீர் கொடுப்பது வால்பாறை அண்ணன் குடியிருக்கும் மலையில் பெய்யும் மழை. மேல் சோலையாற்று அணையில் சேரும் நீர் பரம்பிக்குளத்துக்குப் போய், தூணக்கடவு வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறங்கி, மலைச்சரிவை ஒட்டிச் செல்லும் சமமட்டக் கால்வாயில் திருமூர்த்தி அணையை அடைகிறது. அங்கிருந்து பாசன நிலத்தின் நான்கு மண்டலங்களுக்கும் முறை வைத்துத் திறக்கிறார்கள். உங்கள் காங்கேயமும் வெள்ளகோவிலும் அதன் கடைமடை. மலையில் ஓர் ஆண்டு மழை பொய்த்தால், இங்கே இருவருக்குமே வழக்காடப் பொருள் இருக்காது.

அண்ணனிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மழையின் நன்மையைச் சொன்னீர்கள். அந்த மழையில் கொழுந்து பறிப்பவர்களின் பாட்டைச் சொல்லவில்லை. சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, காலில் அட்டை ஏற, சரிவில் நின்று நாள் முழுவதும் பறிக்கிற பெண்களிடம் மழைக்காலம் பிடிக்குமா என்று கேட்டால் உங்கள் பதிலைத் தருவார்களா? சன்னலுக்குள் இருந்து மழையைப் பார்ப்பவருக்கும், நனைந்துகொண்டே கூலிக்கு நிற்பவருக்கும் ஒரே மழை இல்லை. நான் மழையை விரும்புகிறவள்தான். ஆனாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

கொரங்காடு (காங்கேயம்):

அக்கா சொன்னது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. மழை எங்கே பெய்ய வேண்டுமோ அங்கே, சோலைக்காட்டில், பெய்யட்டும். அதன் பயனைப் பெறுவதற்கு அதன் அடியிலேயே குடியிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கோவை நகரம் சிறுவாணி நீரைக் குடிக்கிறது. அதற்காக யாரும் சிறுவாணி மலையில் வீடு கட்டவில்லை.

இன்னொன்று. 1000 சதுர அடிக் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை விழுந்தால், அது ஏறத்தாழ 55,000 லிட்டர். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003இல் கட்டாயமாக்கியது. ஆனாலும் அன்னூர், அவிநாசிப் பக்கம் 1000 அடிக்கு மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 60 ஆண்டுகளுக்கு மேல் கேட்டுப் போராடியபின், 2024 ஆகஸ்டில்தான் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் நடைமுறைக்கு வந்து குளங்களுக்குப் பவானி உபரி நீர் கிடைத்தது. எங்களுக்குத் தேவை இன்னும் அதிக மழை இல்லை, பெய்கிற மழையைக் காக்கும் ஒழுங்கு.

அடைமழையின் ஆபத்தை நாம் அறியாதவர்களும் இல்லை. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் மதில் இடிந்து 17 பேர் இறந்தார்கள்.

சோலையாற்றுக்காரன் (வால்பாறை):

நடூரில் மழையோடு சேர்ந்து அந்த மதிலும்தான் மனிதர்களைக் கொன்றது. அங்கே அவ்வளவு உயரச் சுவரை எழுப்பியது மழை இல்லை. ஆனாலும் உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிட மாட்டேன். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் அழிந்ததை, மழைநாட்டில் வாழ்கிற எவராலும் மறக்க இயலாது. மழையைப் போற்றுகிறவர்கள்தான் இதை முதலில் பேச வேண்டும். சரிவை வெட்டி வீடு கட்டாமல், ஓடையின் பழைய வழியை மறிக்காமல், வேர் பிடித்த மரங்களை எடுக்காமல் இருக்கும் இடத்தில்தான் மழை நன்மையாக இருக்கும். தேயிலைக்காக இந்த மலையில் அழித்த காடு போக எஞ்சிய துண்டுகளில் இருவாச்சிப் பறவையும் சோலைமந்திக் குரங்கும் இன்றும் வாழ்கின்றன. அந்தத் துண்டுகளுக்குக் கீழே இருக்கும் ஓடைகளில் மழை நின்ற பிறகும் நீர் ஓடுவதை நான் பார்த்து வருகிறேன்.

ஆனைமலைத் தங்கை சொன்னது முழுக்கச் சரி. என் மனைவியும் கொழுந்து பறித்தவர். மழையில் பறிப்பவருக்கு நல்ல மழைச்சட்டையும் காலணியும் கொடுப்பது தோட்டத்தின் கடமை. அது நடக்காததை மழையின் குற்றமாக எழுத நான் சம்மதிக்க மாட்டேன். ஆடி மழையில் வேலை விட்டு வந்து, அடுப்பைச் சுற்றி அக்கம்பக்கத்தார் எல்லாம் உட்கார்ந்து பேசிய மாலைகளும் அவருக்கு உண்டு. அவரும் இறங்க விரும்பவில்லை.

சமதளமான நிலம், பின்புறம் வெட்டாத மண், நீர் வடியும் வாய்க்கால் ஆகிய மூன்றும் உள்ள வீடாகத் தேடுகிறோம்.

கொரங்காடு (காங்கேயம்):

அப்படியானால் ஒரு வேண்டுகோள், அண்ணா. வீட்டைப் பங்குனியில் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆனியிலிருந்து ஆவணி வரை அதே வீட்டில் வாடகைக்கு இருந்து, பின்சுவரில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதையும், இருவரின் நெஞ்சும் அதைத் தாங்குகிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பத்திரம் எழுதுங்கள். என் தாயாரை மட்டும் நான் அங்கே அழைத்து வர மாட்டேன். அதில் மாற்றம் இல்லை.