மறு: மறு: கான்வஸ்: தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கலிபோர்னியாவில் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தமிழ் வாக்காளர்களுக்கு நான்கு பக்கக் கையேடு தயாராகிறது. நவம்பர் தேர்தலுக்கு யார் போவது என்று முடிவாகும் முதல்நிலைத் தேர்தலில் வாக்குகளை எப்படி எண்ணுகிறார்கள், முடிவு எப்போது வெளியாகிறது என்பதுதான் பொருள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். மற்ற சொற்களை எப்படியோ ஒப்பேற்றியாயிற்று. வாக்குகளை எண்ணி, கணக்கை ஒப்பிட்டு, சான்றளிக்கும் வேலைக்கு அங்கே வழங்கும் 'கான்வஸ்' மட்டும் இடிக்கிறது.

கணினி மொழிபெயர்த்த வரைவில் "அரையிறுதி அதிகாரப்பூர்வப் பிரச்சாரம்" என்று இருக்கிறது. படிப்பவர்கள் கிரிக்கெட் என்று நினைப்பார்கள். சிக்கலின் வேர் இது: அந்த மாநிலச் சட்டம் ஒரே சொல்லை இரண்டு கட்டங்களுக்கும் வைத்திருக்கிறது.

முதல் கட்டம் தேர்தல் இரவு. அஞ்சல் வாக்குகளைத் தேர்தலுக்கு 29 நாள் முன்பிருந்தே உறை பிரித்து ஸ்கேன் செய்து வைக்கலாம். ஆனால் வாக்குப்பதிவு முடியும் இரவு 8 மணிக்கு முன் கூட்டுத்தொகையை எடுக்கக் கூடாது. 8 மணி தாண்டியதும் முதலில் வெளிவருவது இந்த அஞ்சல் வாக்குத் தொகைதான். பிறகு வாக்கு மையங்களிலிருந்து பெட்டிகள் வர வர எண்ணிக்கை ஏறும். இரண்டு மணி நேரத்துக்கு மிகாத இடைவெளியில் மாநிலச் செயலருக்குத் தொகை போய்க்கொண்டிருக்க வேண்டும். இதைத்தான் சட்டம் 'செமிஃபைனல் அஃபிஷியல் கான்வஸ்' என்கிறது.

இரண்டாம் கட்டம் தேர்தலை அடுத்து வரும் வியாழக்கிழமைக்குள் தொடங்கிவிட வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக நாளுக்கு ஆறு மணி நேரமாவது நடக்கவேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கையொப்ப ஏட்டையும் சீட்டுக் கணக்கையும் ஒப்பிடுவது, தேர்தல் நாளுக்குள் முத்திரை விழுந்து ஏழு நாளுக்குள் வந்த அஞ்சல் வாக்குகளைச் சேர்ப்பது, தற்காலிக வாக்குகளை (தகுதி அங்கேயே உறுதியாகாதவர் தனி உறையில் இட்டுத் தந்தவை) ஆராய்வது, பட்டியலில் இல்லாத பெயரை வாக்காளர் தம் கையால் எழுதியிருந்தால் அதை எண்ணுவது, சேதமான சீட்டுக்கு மாற்றுச் சீட்டு தயாரிப்பது, குலுக்கலில் எடுத்த 1% தொகுதிப் பிரிவுகளைக் கையால் எண்ணி இயந்திரத் தொகையோடு ஒப்பிடுவது, கடைசியில் சான்றளிப்பது: இவ்வளவும் 'அஃபிஷியல் கான்வஸ்'.

ஒரே சொல்லா, இரண்டு சொல்லா? எதுவானாலும் பரவாயில்லை, வாக்காளருக்குப் புரியவேண்டும்.

— செ.

ந. எழுதியது:

அன்புள்ள செ. அவர்களுக்கு,

வேர்ப்பொருளிலிருந்து தொடங்கினால் வழி தெளியும். 'கான்வஸ்' என்பது முரட்டுத் துணி. சணல் வகைச் செடியின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. துணியில் இட்டுக் குலுக்குதல், அலைத்தல், அதிலிருந்து துருவி ஆராய்தல், அதிலிருந்து வாக்குக் கேட்டு வீடு வீடாக அலைதல் என்று பொருள் விரிந்தது. அமெரிக்கச் சட்டம் நடுப்பொருளைப் பிடித்துக்கொண்டது. நம்மூர் 'ஓட்டு கேன்வாஸ்' கடைசிப் பொருளைப் பிடித்துக்கொண்டது.

துணிக்கு நம்மிடம் முறம் இருக்கிறது. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வினை. தெள்ளுதல் என்பது பதரும் கல்லும் நீக்கி மணியை மட்டும் நிறுத்துவது. தெள் > தெளி > தெளிவு. 'தேர்தல்' என்ற சொல்லுக்கே ஆராய்தல் என்பதுதானே பொருள்! "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்" (510). தேர்தல் முன், தெளிதல் பின். வள்ளுவரே வரிசையைக் கொடுத்துவிட்டார்.

என் பரிந்துரை: தெள்ளெண்ணல். 'வாக்கு' வடசொல் என்பதை இங்கே நினைவூட்டத்தான் வேண்டும். வாக்குக்கு 'ஒப்போலை' வைத்து 'ஒப்போலைத் தெள்ளெண்ணல்' என்றால் முழுத்தூய்மை. அடுத்த நிலையாக 'தேறல்' என்றும் சொல்லலாம்.

— ந.

மு. எழுதியது:

> அடுத்த நிலையாக 'தேறல்' என்றும் சொல்லலாம்.

ந. ஐயா, சங்கப் பாட்டில் தேறல் என்றால் தெளிந்த கள். "உங்கள் கவுண்டியில் வாக்குத் தேறல் வியாழக்கிழமை தொடங்கும்" என்று அச்சிட்டால் கூட்டம் சேரும். தெள்ளெண்ணல் என்றால் திருவாசகம் படித்தவர்களுக்கு அதிலுள்ள திருத்தெள்ளேணம் என்ற பதிகம்தான் நினைவுக்கு வரும்.

இந்தக் கையேட்டை யார் படிக்கப்போகிறார்கள் என்று பாருங்கள். மகன் வீட்டுக்கு வந்து, அறுபது எழுபது வயதில் குடியுரிமை வாங்கிய பெற்றோர்தான் பாதிப்பேர். அவர்களுக்குத் தெரிந்த செயல் கடை மூடும்போது கல்லாவை எண்ணி, பில் புத்தகத்தோடு கணக்கை நேர் செய்வது. கான்வஸின் முதுகெலும்பும் அதுதான்.

ஒரு மையத்தில் கையொப்பம் 412, பெட்டியில் சீட்டு 410 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எங்கே போயிற்று? கையெழுத்துப் போட்டுவிட்டுச் சீட்டைப் பெட்டியில் போடாமலே ஒருவர் கிளம்பியிருக்கலாம். ஒரு சீட்டு தற்காலிக வாக்கு உறைக்குள் போயிருக்கலாம்.  இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஸ்கேனரில் ஒன்றாய்ப் போயிருக்கலாம். காரணம் தெரிந்தால் எழுதிவைப்பார்கள். தெரியாவிட்டால் அந்த மையத்துச் சீட்டுகளை மறுபடி எண்ணுவார்கள். இந்தியாவில் படிவம் 17சி-யில் பதிவான வாக்கையும் இயந்திரத்தில் தெரியும் தொகையையும் எண்ணும் மேசையில் ஒப்பிடுகிறோமே, அதேதான். அங்கே ஒரே நாளில் முடிவது இங்கே வாரக்கணக்கில் நீள்கிறது.

அதனால் 'வாக்குக் கணக்கு நேர்செய்தல்'. 'அலசல்' வேண்டாம், அது டிவியில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவது. 'கணிப்பு' என்றால் கருத்துக் கணிப்பு. 'தணிக்கை'யை அந்த 1% கை எண்ணிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் பொருந்தும்.

— மு.

ஞா. எழுதியது:

வணக்கம். இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்.

'நேர்செய்தல்' என்றால் எங்கட பக்கம் பிழையாயிருந்ததைத் திருத்துறது என்றும் விளங்கும். தேர்தல் அலுவலகம் வாக்கைத் 'திருத்துது' என்று ஒருத்தர் வாசித்தால் போதும், அன்றிரவே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். 'சரிபார்ப்பு' என்றால் ஆபத்தில்லை.

இன்னொன்று. வரைவில் ரிட்டர்னிங் ஆபிசருக்குத் 'தேர்தல் நடத்தும் அலுவலர்' என்று இருக்கிறது. இலங்கையில் 'தெரிவத்தாட்சி அலுவலர்'. அச்சொல்லின் அழகை விட எனக்கு மனமில்லை. ஆனால் கலிபோர்னியாவில் அப்படியொரு பதவி இல்லை, வாக்காளர் பதிவாளர்தான் எல்லாம். இரண்டு சண்டையையும் விட்டுவிட்டுப் 'பதிவாளர்' என்றே போடலாம்.

முடிவு வெளியிடும் பக்கத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. "100% வாக்குச்சாவடிகள் அறிக்கையிட்டன" என்று வரைவு சொல்லுது. சாவடிகளிலிருந்து பெட்டி வந்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. கடைசி நாள் பெட்டியில் போட்ட அஞ்சல் உறைகள் ஒன்றும் அதில் சேராது. ஆனால் வாசிப்பவர் எண்ணிக்கை முடிந்தது என்று நினைப்பார். அதுக்குக் கீழேயே "எண்ணப்படாத வாக்குகள்" என்று ஒரு வரி! முடிந்தது என்று சொல்லிவிட்டு, எண்ணாமல் விட்டவை இத்தனை ஆயிரம் என்று சொன்னால் சனம் என்ன நினைக்கும்? "இனி எண்ணவேண்டியவை" என்று மாற்றுங்கோ. கான்வஸுக்கு என்ன சொல் வைத்தாலும் எனக்குச் சம்மதம், இந்த வரியை மட்டும் விடாதேயுங்கோ.

— ஞா.

இ. எழுதியது:

குடவோலையை இன்னும் யாரும் தொடவில்லை என்பது வியப்பு. உத்தரமேரூரில் முதற்பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921). முப்பது குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), குடும்புதோறும் பெயர் எழுதிய ஓலைகள், எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை கட்டிக் குடத்தில் இடுகிறார்கள். ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் எடுக்கிறான். ஓலையை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு. பிறகு அவன் உரக்க வாசிக்க, அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசகர்) எல்லாரும் வாசிக்கிறார்கள். இன்று சீட்டுக் கட்டை இருவர் கையொப்பத்தோடு கைமாற்றுவதும், பார்வையாளர் முன்னிலையில் எண்ணுவதும் இந்தக் கவலையின் பிள்ளைகள்.

அதற்கும் முன்னால் அகநானூறு 77: "கயிறுபிணிக் குழிசி ஓலை கொண்மார் பொறிகண்டு அழிக்கும் ஆவண மாக்களின்". முத்திரையைப் பார்த்து, பிறகு உடைத்து, ஓலையை வெளியே எடுப்பவர்கள். கான்வஸ் செய்பவர்களை 'ஆவண மாக்கள்' என்று ஏன் சொல்லக் கூடாது?

— இ.

மு. எழுதியது:

இ. சார், அந்த உவமை எதற்கு வருகிறது என்றும் சொல்லிவிடுங்கள். போர்க்களத்தில் இறந்து கிடப்பவரின் குடலைக் கழுகு இழுப்பதற்கு. வாக்காளர் கையேட்டுக்கு மங்கலமாக இருக்கும்.

தவிர, குடவோலை குலுக்கல். அதில் எண்ணிக்கையே கிடையாது. எண்ணாத முறையிலிருந்து எண்ணுவதற்குச் சொல் எடுப்பது எப்படி?

— மு.

இ. எழுதியது:

மங்கலம் பற்றி ஒப்புக்கொள்கிறேன். குலுக்கல் அவ்வளவு தூரத்தில் இல்லை: சில தேர்தல்களில் இருவர் சமமாக நின்றால் சீட்டுக் குலுக்கித் தீர்க்க இன்றைக்கும் கலிபோர்னியச் சட்டம் சொல்கிறது.

போகட்டும், ஒரு சின்னச் சொல்லாவது கொடுத்துவிட்டுப் போகிறேன். வரைவில் "சேதமான சீட்டுகள் நகலெடுக்கப்படும்" என்று இருக்கிறது. ஜெராக்ஸ் என்று நினைப்பார்கள். காப்பி கொட்டிய, கிழிந்த சீட்டை இயந்திரம் படிக்காது. இருவர் சேர்ந்து அதன் குறிகளைப் புதுச் சீட்டில் அப்படியே இட்டு, இரண்டுக்கும் ஒரே தொடர் எண் போட்டு, மூலத்தைப் பத்திரப்படுத்துகிறார்கள். செல்லரித்த சுவடியைப் புது ஓலையில் எழுதியதை நாம் என்ன சொன்னோம்? படியெடுத்தல்.

— இ.

செ. எழுதியது:

'படியெடுத்தல்' ஏற்றாயிற்று. ஞா. அண்ணா சொன்ன 'இனி எண்ணவேண்டியவை'யும் அப்படியே. இந்த மடலாடலில் மறுப்பில்லாமல் நின்றவை இவை இரண்டும்தான்.

இ. சார் சமநிலை என்றதும் கையேட்டின் மூன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது. 2024 மார்ச் 5 முதல்நிலைத் தேர்தல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் 16ஆம் தொகுதி, சாண்டா கிளாரா, சான் மட்டேயோ கவுண்டிகள். முதலிடம் சாம் லிக்கார்டோ. இரண்டாம் இடத்தில் எவான் லோவும் ஜோ சிமிட்டியனும் சான்றளித்த கணக்கில் ஆளுக்கு 30,249. அங்கே குலுக்கல் கிடையாது. அந்தவகைப் பதவிகளுக்கு, இரண்டாம் இடத்தில் சமமாக நிற்கும் எல்லாரும் நவம்பருக்குப் போவார்கள், அதனால் மூவர். பிறகு ஒரு வாக்காளர் கேட்டு மறு எண்ணிக்கை நடந்தது. லோ 30,261, சிமிட்டியன் 30,256. ஐந்து வாக்கில் மூவர் இருவரானார்கள்.

இதை எழுதும்போது தெரிந்தது: கான்வஸும் மறு எண்ணிக்கையும் வாசகருக்குக் குழம்பவே கூடாது. முன்னது எல்லாத் தேர்தலிலும் கட்டாயம் நடப்பது, பின்னது யாராவது கேட்டால் நடப்பது. அதனால் 'மறு', 'மீள்' என்று தொடங்கும் எதுவும் வேண்டாம். 'எண்ணல்' என்று முடிவதையும் தவிர்க்கப் பார்க்கிறேன். ந. ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஐயம். 'டாப் டூ' முறைக்கு 'முதலிருவர் தேர்வு' என்று எழுதியிருந்தேன். இருவரைக் குறிக்கச் சொல்கிறார்கள் என்று படிக்க இடமிருக்கிறது. ஒரே போட்டியில் இரண்டு வட்டத்தை நிரப்பினால் அது மிகைவாக்கு. சீட்டின் மற்ற போட்டிகள் செல்லும், அந்தப் போட்டி மட்டும் செல்லாது. "ஒருவருக்கே வாக்கு, அதிக வாக்குப் பெறும் இருவர் நவம்பருக்கு" என்று விரித்தே எழுதிவிடுகிறேன்.

— செ.

ந. எழுதியது:

விரித்து எழுதுவது கலைச்சொல் ஆக்கம் ஆகாது, அம்மா. அது உரை எழுதுவது.

— ந.

மு. எழுதியது:

உரையாசிரியர்கள் இல்லாவிட்டால் நமக்குத் தொல்காப்பியமே புரிந்திருக்காது, ஐயா.

— மு.

ஞா. எழுதியது:

'முதல்நிலைத் தேர்தல்' முடிவாயிற்றோ? 'முதற்கட்டத் தேர்தல்' என்றால் இந்தியாவில் ஏழு கட்டமாக நடத்துறதில் முதலாவது என்று எடுப்பினம். 'உட்கட்சித் தேர்தல்' கலிபோர்னியாவில் பெரும்பாலும் பிழை. 2012 முதல் மாநிலப் பதவிகளுக்கும் காங்கிரசுக்கும் எல்லாக் கட்சி வேட்பாளரும் ஒரே பட்டியலில்தான். 'முன்தேர்தல்' நல்லாயிருக்கு, ஆனால் கவுண்டி மேற்பார்வையாளர் பதவிக்குப் பாதிக்கு மேல் எடுத்தால் அதிலேயே வென்றாயிற்று, பின்தேர்தல் இல்லை.

— ஞா.

செ. எழுதியது:

'முதல்நிலை'யே இருக்கட்டும்.

தனிமடலிலும் இங்குமாக ஏழு பேர் கருத்துச் சொன்னார்கள். 'வாக்குக் கணக்குச் சரிபார்ப்பு' ஐந்து, 'நேர்செய்தல்' ஒன்று, 'தெள்ளெண்ணல்' ஒன்று. முதல் கட்டத்துக்கு 'தேர்தல் இரவு எண்ணிக்கை', இரண்டாவதற்கு 'வாக்குக் கணக்குச் சரிபார்ப்பு'. அதிகாரிகளின் வாயில் வருவதால் முதல் முறை மட்டும் 'கான்வஸ் எனப்படும்' என்று சேர்த்திருக்கிறேன். கோப்பு இன்று மாலை போகிறது. எல்லாருக்கும் நன்றி.

— செ.

ந. எழுதியது:

ஏழில் ஒன்று என்பதை ஏற்கிறேன். ஆனால் முதல் + நிலை புணர்ந்தால் முதனிலை என்றுதான் ஆகும். 'முதல்நிலை' என்று புணர்த்தாமல் அச்சிடுவது பிழை. மாலைக்குள் திருத்த முடியுமா?

— ந.

மு. எழுதியது:

முதனிலை என்றால் வினைப்பகுதி, ஐயா. முதனிலைத் தொழிற்பெயர் தெரியும். முதனிலைத் தேர்தல் என்றால் இலக்கண வகுப்புக்குத் தலைவர் தேர்ந்தெடுக்கிற மாதிரி இருக்கும்.

— மு.

ந. எழுதியது:

அதனால்தான் தெள்ளெண்ணலோடு சேர்த்து 'முற்றேர்தல்' என்று சொல்ல இருந்தேன். முன் + தேர்தல். புணர்ச்சி விதியைத் தனி மடலில் விளக்குகிறேன்.

— ந.