வியட்நாமில் ஆங்கிலம் படிப்பிக்க: சான்றிதழைக் கொழும்பிலேயே எடுப்பதா, அங்கே போய் எடுப்பதா?

நிலா_வெள்ளவத்தை

வணக்கம். கணவருக்கு ஹோ சி மின் நகரத்தில் வேலை சரிவந்துவிட்டது. இன்னும் ஆறேழு மாதத்தில் குடும்பமாகப் போகிறோம். என்னிடம் இங்கத்தைய அரச பல்கலைக்கழகக் கலைப்பட்டம் இருக்கிறது, ஆனால் ஆங்கிலம் முதன்மைப் பாடமில்லை. இப்போது ஒரு டியூட்டரியில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அங்கே ஏதாவது மொழி நிலையத்தில் சேர விருப்பம்.

120 மணித்தியால டெஃபல் (ஆங்கிலத்தை வேற்றுமொழியாகப் படிப்பிப்பதற்கான சான்றிதழ்) என்று மலிவாக விளம்பரங்கள் வருகின்றன. செல்டா என்கிற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் அதைவிடப் பல மடங்கு விலை. அந்த வித்தியாசம் பெறுமா? இங்கிருந்து இணையத்தில் செய்வதா, அங்கே போய்ச் செய்வதா? பட்டச் சான்றிதழுக்கு என்னென்ன முத்திரை வேண்டும்?

கரும்பலகை

விலையையும் மணித்தியாலத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எந்தக் கற்கைநெறியாக இருந்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நான் எத்தனை மணித்தியாலம் படிப்பிப்பேன், அதைப் பார்த்துக் குறிப்பெழுதுவது யார்? மலிவான 120 மணித்தியாலச் சான்றிதழ்களில் பெரும்பாலானவற்றில் இதற்குப் பதில் பூச்சியம். வாசித்து, காணொளி பார்த்து, சரியான விடைக்குக் கோடிட்டால் சான்றிதழ் வந்துவிடும். நல்ல நிலையங்களில் ஆளெடுப்பவர்களுக்கு இது தெரியும்.

செல்டா கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினுடையது. குறைந்தது 120 மணித்தியாலம் பயிற்றுநர்களோடு. அதற்குள் 6 மணித்தியாலம் நீங்கள் படிப்பிக்க வேண்டும், அனுபவமுள்ள ஆசிரியர்களின் பாடங்களை 6 மணித்தியாலம் பார்க்க வேண்டும். நான்கு எழுத்து ஒப்படைகள், ஒவ்வொன்றும் 750 முதல் 1000 சொல். முதல்முறை சரிவராவிட்டால் ஒருமுறை திருத்திக் கொடுக்கலாம். வெளியிலிருந்து கேம்பிரிட்ஜ் அனுப்பும் மதிப்பீட்டாளர் ஒருவரும் வந்து பார்ப்பார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செர்ட் டீசோல் என்ற சான்றிதழும் இதே தரம்: 130 மணித்தியாலம், 6 மணித்தியாலப் படிப்பித்தல், 4 மணித்தியாலம் பார்வையிடல். பிரித்தானியத் தகைமை அளவுகோலில் இரண்டும் 5ஆம் மட்டம். ஆனால் "லெவல் 5" என்று போட்ட இணையக் கற்கைநெறிகளும் விற்கப்படுகின்றன. அவற்றில் மட்டம் அதே 5 ஆக இருக்கும், படிப்பிக்கும் மணித்தியாலம் இருக்காது. கவனம்.

முழுநேரமாகச் செய்தால் நான்கைந்து கிழமை. அந்த நாட்களில் டியூட்டரியை நிற்பாட்டாமல் ஏலாது. பகல் வகுப்பு, இரவு அடுத்த நாள் பாடத்துக்கான திட்டம், சனி ஞாயிறு ஒப்படை என்று போகும். உங்களுக்கு ஆறு மாதம் கையில் இருப்பதால் பகுதிநேரம் பொருந்தும். நேரடியோ இணையமோ, கிடைப்பது ஒரே சான்றிதழ்தான். எந்த நிலையம் எப்போது தொடங்குகிறது என்பதைக் கேம்பிரிட்ஜின் தளத்தில் நிலையத் தேடலில் பாருங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத இடம் செல்டா தருகிறேன் என்றால் பேசவே தேவையில்லை.

இணையத்தில் செய்வதென்றால் நேர வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கள். பிரித்தானிய நிலையத்தில் காலை 10 மணி என்றால் எங்களுக்குக் குளிர்காலத்தில் பின்னேரம் 3.30, கோடையில் 2.30. நீங்கள் படிப்பிக்கிற பாடம் இரவு எட்டு ஒன்பது மணிக்கும் விழலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை முதலே யோசிக்க வேண்டும். ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ், வயர் உள்ள ஹெட்செட், இன்னொரு நிறுவனத்தின் சிம் போட்ட போன், இந்த மூன்றும் கட்டாயம். மதிப்பிடப்படும் 45 நிமிடப் பாடத்தில் கரண்ட் போய் பத்து நிமிடம் நின்றால், அந்தப் பாடத்தின் நோக்கத்தை அடைய நேரமே இராது.

தெகிவளைக்காரன்

கடதாசி வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆட்கள் மாதக்கணக்கில் மாட்டுப்படுவது இதில்தான்.

1. பெயர். எங்கள் ஆட்களுக்கு இதுதான் முதல் தலையிடி. பட்டத்தில் தகப்பன் பெயருக்கு முதலெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், கலியாணத்துக்குப் பிறகு இன்னொரு பெயர். செல்டாவுக்குப் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். பட்டத்தில் வேறு மாதிரி இருந்தால் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அத்தாட்சிப்படுத்தி வையுங்கள்.

2. இலங்கைப் பட்டத்துக்கு வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, பத்தரமுல்லை சுஹுருபாயவில். யாழ்ப்பாணத்திலும் கிளை இருக்கிறது. மூலப்பிரதி வேண்டும். லாமினேட் பண்ணிய சான்றிதழில் முத்திரை குத்த ஏலாது. பண்ணியிருந்தால் பல்கலைக்கழகத்தில் புதுப்பிரதிக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். அமைச்சு முத்திரைக்குப் பிறகு கொழும்பிலுள்ள வியட்நாம் தூதரகத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள்.

3. பலர் தவறவிடுவது இது: செல்டா சான்றிதழைக் கொழும்பில் செய்தாலும், ஹோ சி மினில் செய்தாலும் அதை வழங்குவது கேம்பிரிட்ஜ். ஆகவே அது பிரித்தானிய ஆவணம். அதற்கான அத்தாட்சி பிரித்தானியாவில்தான். அங்கே ஒரு சொலிசிட்டரோ நொத்தாரிசோ ஒப்பமிட்டு, பிறகு பிரித்தானிய வெளியுறவு அலுவலகத்தின் அப்போஸ்டில் (ஆவணத்திலுள்ள ஒப்பம் உண்மையானது என்று உறுதிப்படுத்தும் அத்தாட்சி). சான்றிதழைத் தபாலில் அனுப்பி எடுக்க வேண்டும், அல்லது லண்டனில் உள்ள சொந்தக்காரர் யாரையாவது பிடிக்க வேண்டும். கற்கைநெறி முடிந்த அன்றே சான்றிதழ் கையில் வராது, சில கிழமை போகும். பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், இனி மூன்று மாதத்துக்குள்ளாவது படிப்பை முடிக்க வேண்டும்.

4. பொலிஸ் அறிக்கையை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். வேலை அனுமதிக்குக் கொடுக்கும்போது அது ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.

கணவரின் வேலையில் உங்களுக்குக் கிடைக்கும் குடும்ப விசாவை வைத்து வேலை செய்ய முடியாது. உங்களுக்கென்று தனி வேலை அனுமதியை நிலையம் எடுத்துத் தர வேண்டும். நேர்முகத்திலேயே "வேலை அனுமதி எடுத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். "முதலில் தொடங்குங்கள், பிறகு பார்ப்போம்" என்கிற இடத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டவர் அல்லாதவர்களிடம், ஆங்கிலத்தில் பட்டம் இல்லையென்றால், சி1 மட்ட (ஐரோப்பிய அளவுகோலில் உயர்ந்த தேர்ச்சி) மொழிச் சான்று கேட்பார்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையில் 7 காணும். அது இரண்டு வருடம்தான் செல்லும்.

கொட்டாஞ்சேனை_13

மலிவான கற்கைநெறியை ஒரேயடியாகத் தள்ளிவிடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். வீட்டிலிருந்து இணையத்தில் ஒருவருக்கு ஒருவர் படிப்பிக்க அது போதும். செல்டாவுக்கு முன் இலக்கணச் சொற்களைப் பழகவும் உதவும். கேம்பிரிட்ஜின் டிகேடி என்றொரு பரீட்சையும் இருக்கிறது: மூன்று பகுதி, ஒவ்வொன்றிலும் 80 கேள்வி, 80 நிமிடம். செலவு குறைவு.

ஒரு வேண்டுகோள்: வியட்நாம் சரிவந்தால் அடுத்து கொரியா என்று யாரும் திட்டம் போட வேண்டாம். அங்கே ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்குத்தான். எந்தச் சான்றிதழும் அதை மாற்றாது. காசு கட்ட முதல் நாட்டின் விசா விதியை வாசியுங்கள்.

கரும்பலகை

டிகேடி அறிவைத்தான் சோதிக்கும், வகுப்பில் படிப்பிக்கத் தெரியுமா என்று பார்க்காது. செல்டாவுக்கு ஆயத்தமாக அது நல்லது, அதற்குப் பதிலாக ஆகாது.

நிலா_வெள்ளவத்தை

மிக்க நன்றி. லாமினேட் விஷயம் நல்லவேளை சொன்னீர்கள், என்னுடையதும் அப்படித்தான். செல்டா நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? என் உச்சரிப்பு தமிழ் உச்சரிப்பு என்று கழித்துவிடுவார்களா?

வெண்கட்டி

உச்சரிப்புக்காகக் கழிக்கமாட்டார்கள். தெளிவாக விளங்க வேண்டும், அவ்வளவுதான். நேர்முகத்துக்கு முன் ஒரு பயிற்சித்தாள் வரும்: மாணவர் எழுதிய பிழையைத் திருத்தி ஏன் பிழை என்று விளக்குவது, பார்வைக்கு ஒரேமாதிரி இருக்கும் இரண்டு வசனங்களின் பொருள் வித்தியாசம், ஒரு சிறு கட்டுரை. அகராதியும் இலக்கணப் புத்தகமும் பார்த்துச் செய்யலாம். ஆனால் நேர்முகத்தில் அதிலிருந்தே கேட்பார்கள் என்பதால் நீங்களே செய்யுங்கள்.

டியூட்டரி அனுபவம் உள்ளவர்கள் சறுக்குவது வேறு இடத்தில். நாங்கள் பழகியது இப்படி: விதியைப் பலகையில் எழுது, தமிழில் விளக்கு, பயிற்சி கொடு. செல்டா வகுப்பில் மாணவருக்கு உங்கள் மொழி தெரியாது, உங்களுக்கு அவர்களுடையது தெரியாது. விளக்கம் நீள நீள அவர்கள் வாய் மூடிவிடும். பயிற்றுநர் பின்னால் இருந்து நீங்கள் எவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்பதைத்தான் முதலில் குறிப்பார்.

ஒரு உதாரணம். "ஐ யூஸ்ட் டு லிவ் இன் வத்தளை" என்ற வசனத்தைப் படிப்பிக்கிறீர்கள். "இது கடந்தகாலப் பழக்கத்தைக் குறிக்கும், விளங்கிச்சா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள், விளங்கியிருக்காது. அதற்குப் பதில் மூன்று சின்னக் கேள்வி: டூ ஐ லிவ் இன் வத்தளை நவ்? நோ. டிட் ஐ லிவ் தேர் பிஃபோர்? யெஸ். ஃபோர் வன் டே ஓர் ஃபோர் எ லோங் டைம்? லோங் டைம். கேள்விக்குள் "யூஸ்ட் டு" வரவே கூடாது என்பதைக் கவனியுங்கள். விளங்காத ஒன்றை அதே சொல்லால் கேட்டு விளங்கியதா என்று அறிய முடியாது. இந்தக் கேள்விகள் வகுப்பில் நின்றுகொண்டு மனதில் வராது. பாடத்திட்டத்தில் விடையோடு எழுதிக்கொண்டு போங்கள். பொருள் உறுதியான பிறகு உச்சரிப்பு: "யூஸ்ட் டு" எழுத்தில் இரண்டு சொல், வாயில் "யூஸ்ட" என்று ஒன்றாக ஓடும். பலகையில் எழுத முதல் சொல்லவையுங்கள். முதலில் எழுதினால் எழுத்தைப் பார்த்துத்தான் வாசிப்பார்கள்.

வியட்நாமில் செய்வதா என்று கேட்டீர்கள். கடதாசி வேலையை முடித்துக்கொண்டு போகும் ஆள் உடனே வேலை கேட்கலாம் என்பதால், இங்கிருந்து முடித்துக்கொண்டு போங்கள் என்பதே என் கருத்து. அங்கே நேரடியாகச் செய்வதில் ஒரு பெரிய இலாபம் மட்டும் உண்டு: பயிற்சி வகுப்பிலேயே வியட்நாமிய மாணவர் இருப்பார்கள். அவர்கள் சொல்லின் கடைசி மெய்யொலியை விழுங்குவார்கள். "நைன்", "நைஸ்", "நைட்" மூன்றும் "நை" என்றே கேட்கும். எங்கள் பிள்ளைகளின் பிழை அநேகமாக மறுபக்கம், கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்ப்பார்கள். காது அதற்குப் பழக நாள் எடுக்கும். இணையச் செல்டா எடுத்தால், மாணவர்கள் எந்த நாட்டவர் என்று நிலையத்திடம் முன்னரே கேளுங்கள். வியட்நாமியர் உள்ள நிலையம் கிடைத்தால் மாணவரைப் பற்றிய ஒப்படைக்கு அவர்களில் ஒருவரையே தெரிந்தெடுங்கள். ஒரு மாணவரின் பின்னணி, பலம், குறை எல்லாவற்றையும் ஆராய்ந்து, இரண்டு குறைகளுக்குப் பயிற்சி தேடிக் கொடுக்கும் வேலை அது. அங்கே போய் நேர்முகத்தில் உட்காரும்போது அந்த 1000 சொல்லைப் பற்றியே கதைக்கலாம்.