எழுத்தாளர் வீட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

எழுத்தாளர்களைக் கட்டிக்கொண்டவர்களிடம் பாடு என்னவென்று கேட்டால், பணக்கஷ்டத்தையும் ஓயாத விருந்தாளிகளையும் பற்றித்தான் நிறைய சொல்கிறார்கள். இரண்டும் எங்கள் வீட்டிலும் உண்டு. என் பாடு கொஞ்சம் வேறு. அவர் கதை எழுதுகிறார், நான் வங்காள நாவல்களைத் தமிழில் கொண்டுவருகிறேன். அவருடைய நடை என் பக்கங்களுக்குள் நுழைந்துவிடாமல் காப்பாற்றுவதுதான் எனக்குப் பெரும்பாடு.

அப்பாவுக்கு மேற்கு வங்கத்தில், கரக்பூர் ரயில்வேயில் வேலை. அங்கே பள்ளியில் வங்காளம் படித்தேன். கல்யாணமாகி வந்தது வேலூர் சத்துவாச்சாரிக்கு. என் கணவர் பாலாற்றங்கரை ஜனங்களைப் பற்றியும் ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் தொழிலாளிகளைப் பற்றியும் எழுதுகிறவர். வாக்கியங்கள் சின்னச் சின்னதாக, வெடுக்கென்று நிற்கும். அந்த நடைக்காகவே அவரைப் படிக்கிறவர்கள் உண்டு. நானும் அப்படிப் படிக்க ஆரம்பித்தவள்தான்.

ஆரம்பத்தில் என் கைப்பிரதியை முதலில் பார்ப்பது அவர்தான். ஆசையாகத் திருத்துவார். “இந்த இடம் இழுக்குதும்மா, வெட்டிடு” என்பார். வெட்டினால் தமிழ் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வங்காளத்துப் பத்மா நதிக்கரைக் கிழவி குடியாத்தத்துக் கிழவியாகப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

அதை எனக்குப் பளிச்சென்று காட்டியவர் ஒரு வங்காளத்து அம்மா. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தால் தெரியும்: லாட்ஜ், மருந்துக்கடை, மெஸ் எங்கு பார்த்தாலும் வங்காள எழுத்து. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் அறை எடுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டுத் தங்குகிறார்கள். பாபு ராவ் தெருவில் காய்காரரோடு விலை புரியாமல் தடுமாறிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு நான் வங்காளத்தில் எடுத்துச் சொன்னேன். கணவரின் சிகிச்சைக்காக பர்த்தமானிலிருந்து வந்தவர். என் கையை விடவே இல்லை. ‘தீதி’ (அக்கா) என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அப்போது கையிலிருந்த நாவலில், மாமியார் ஒருத்தி படகுக்காரனிடம் புலம்பும் ஒரு பக்கம். அதை வங்காளத்திலேயே வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன் தீதியை. லாட்ஜ் மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு வாசித்தார். அச்சில் காற்புள்ளி உள்ள இடத்தில் நிற்கவே இல்லை. மூச்சு முட்டும் வரை ஓடி, படகு கிளம்பிவிட்டது என்ற இடத்தில்தான் நின்றார். பக்கத்தில் என் தமிழ்ப் பிரதி. அதே புலம்பல் அதில் குட்டி வாக்கியங்களாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு முற்றுப்புள்ளியோடு கிடந்தது. முழுக்க முழுக்க என் கணவரின் மூச்சு. அங்கேயே பென்சிலை எடுத்து முற்றுப்புள்ளிகளை அடித்து, வாக்கியங்களை மறுபடி சேர்த்தேன்.

அன்றிலிருந்து என் பிரதியை அவர் அச்சுக்கு முந்தைய புரூஃப் நிலையில்தான் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். சில நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு அவரே, த.நா. குமாரசாமி தமிழில் மொழிபெயர்த்த வங்காள நாவல் ‘ஆரோக்கிய நிகேதன’த்தை எடுத்து என் மேஜையில் வைத்தார். குமாரசாமி சொந்தமாகவும் கதைகள் எழுதியவர். அப்படியிருந்தும் அதன் மூல ஆசிரியர் தாராசங்கர் பந்தோபாத்யாயவின் நிதானத்தில் அவர் கைவைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பழைய வட ஆற்காட்டில் நாங்கள் ஒன்றும் அதிசயத் தம்பதி இல்லை. திருவண்ணாமலையில் பவா செல்லதுரை கதைசொல்லி, அவர் மனைவி கே.வி. ஷைலஜா மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்கிறவர். ஆனால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் பலருக்கு இன்னும் நான் டீ கொடுக்கும் அண்ணிதான். “மொழிபெயர்ப்பு மட்டுந்தானா?” என்று கேட்டவரும் உண்டு. சாகித்திய அகாதெமியே மூல நூலுக்கு 1 லட்சம், மொழிபெயர்ப்புக்கு 50,000 ரூபாய் பரிசு என்றுதான் வைத்திருக்கிறது. அந்த மொழிபெயர்ப்புப் பரிசும் 1989இல்தான் வந்தது. எனக்கு அது மனத்தாங்கல்தான்.

என் முதல் புத்தகத்தின் அட்டையில் என் பெயர் இல்லை, உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் மூல ஆசிரியரின் அனுமதிக் கடிதத்தை முதலில் வாங்குங்கள். அட்டையில் பெயர் வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டு பிரதியைக் கொடுங்கள். உரிமையை மொத்தமாக விற்றுவிட்டாலும், 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, இது என் எழுத்து என்று சொல்லிக்கொள்ளும் உரிமை உங்களிடமே இருக்கும்.