வீட்டுலயே பானட்டுக்குள்ள கிளீன் பண்றவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நான் பல்லடம் பக்கமுங்க. எங்க ஏரியால ரோட்டோரம் பூரா தறி, நூல் மில்லு, கோழிப்பண்ணைன்னு இருக்கும், அதனால இங்க ஓடுற வண்டில பானட்டைத் திறந்தா வெறும் தூசியா இருக்காது, பஞ்சு பறந்து வந்து ஆயில் கசிவு மேல ஒட்டி கம்பளி கணக்கா படிஞ்சு கெடக்கும். அந்தப் பஞ்சு ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்கிற ஏசி கண்டென்சர்ல போய் அடைச்சுதுன்னா ஏசி கூலிங் கம்மியாகும், மேட்டுல ஏறும்போது ஹீட் முள்ளு மேல போகும். அதனால இத ஒரு அழகு வேலையா நான் பாக்குறதே இல்ல. சுத்தமா இருந்தாத்தான் எங்க கசியுது, எந்த ஓஸ் வெடிச்சிருக்கு, எந்த வயர எலி கடிச்சிருக்குன்னு கண்ணுக்குத் தெரியும், அதுக்குத்தான் இவ்வளவு பாடும்.

இப்ப இத எழுதக் காரணம் என் மச்சான் வண்டி. பண்டிகைக்கு ஊருக்குப் போறதுக்கு முன்ன வாட்டர் வாஷ் விட்டிருக்காரு, அங்க இருந்த பையன் பானட்டைத் தூக்கி பிரஷர் கன்ன நேரா இஞ்சின் மேல காட்டிட்டான். வண்டி அங்கிருந்து கெளம்பி வந்துருச்சு, ஒண்ணும் தெரியல. மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்ணினா இஞ்சின் குலுங்குது, மிஸ்ஸிங் அடிக்குது, செக் இஞ்சின் லைட் விட்டு விட்டு எரியுது. மெக்கானிக் வந்து பிளக்குக்குக் கரண்ட் குடுக்கிற காயில கழட்டினாரு, ஸ்பார்க் பிளக் உக்காந்திருக்கிற குழிக்குள்ள தண்ணி நின்னுட்டிருந்துச்சு. அந்தக் குழி விரல் முழுசா உள்ள போற ஆழம், தண்ணி போனா அதுவா வெளிய வர வழியே கெடையாது, மேல காயில் வேற மூடிக்கும். ஒரு காயில் மாத்த வேண்டியதாப் போச்சு. ஊருக்கு பஸ்ல போனாங்க.

பிரஷர் வாஷர் எவ்வளவு வேகமா அடிக்குதுன்னு நெறைய பேருக்குப் புரியல. கார் டயர்ல நாம புடிக்கிற காத்து 32 பிஎஸ்ஐ. வீட்டுக்குன்னு விக்கிற சின்ன பிரஷர் வாஷரே 100 பார் அடிக்கும்னு போட்டிருப்பான், அது 1400 பிஎஸ்ஐக்கு மேல வருது. வயருங்கள இணைக்கிற கப்ளர் உள்ள இருக்கிற ரப்பர் வாஷர் மழைத்தண்ணி தெறிக்கிறதைத் தாங்கும், இத எப்படித் தாங்கும்? கண்டென்சர் ஃபின்னு அலுமினியம், காகிதம் கனம்தான் இருக்கும், கிட்ட வச்சு அடிச்சா மடிஞ்சே போயிரும்.

நான் பண்றது இப்படி. சாயங்காலம் நெழல்ல, இஞ்சின் நல்லா ஆறினப்புறம்தான் கை வைப்பேன், ஹெட் மேல உள்ளங்கைய வச்சா சும்மா வெதுவெதுன்னு இருக்கணும் அவ்வளவுதான். சூட்டோட இருக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுலயோ டர்போலயோ பச்சைத்தண்ணி பட்டா விரிசல் விடும், ரேடியேட்டர் மூடிய சூட்டுல திறந்தா கொதிக்கிற கூலண்ட் மூஞ்சில அடிக்கும், இதுல அவசரமே ஆகாது. ஃபேன் பக்கமும் கவனம், சில வண்டில சாவிய எடுத்தப்புறமும் சூடு இருந்தா ஃபேன் தானா சுத்தும். கை உள்ள இருக்கும்போது சுத்துச்சுன்னா விரல் போயிரும்ங்க, அதனாலயே நான் பேட்டரிய முதல்ல கழட்டிருவேன். 10 எம்எம் ஸ்பேனர், கருப்பு ஒயர், அதாவது நெகட்டிவ் முதல்ல. பாசிட்டிவ முதல்ல கழட்டப் போயி ஸ்பேனர் பாடில இடிச்சா பளிச்சுனு ஷார்ட் ஆகும். மாட்டும்போது தலைகீழ், நெகட்டிவ் கடைசி.

அப்புறம் பிளாஸ்டிக் கவர். ஆல்டர்நேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ, ஏர் ஃபில்டருக்குக் காத்து போற வாய், காயில் மேல்பக்கம், இதெல்லாம் மூடி ரப்பர் பேண்டு போட்டுருவேன். தண்ணி ஊத்தாதப்ப எதுக்கு மூடணும்னு கேப்பீங்க, ஆயில் பிசுக்கக் கரைக்கிற டிகிரீசரோட நுரை சொட்டி உள்ள போகக் கூடாதுல்ல, அதுக்குத்தான். முதல்ல காஞ்ச வேலை, ரெண்டு இஞ்ச் பெயிண்ட் பிரஷ்ஷால மேல இருந்து கீழ தட்டிக்கிட்டே வாக்குவம் வச்சு இழுத்துட்டா பாதி அழுக்கு அதுலயே போயிரும். வைப்பருக்கு கீழ இருக்கிற பிளாஸ்டிக் கிரில்ல மறக்காதீங்க. எங்க வீட்டு முன்னாடி வேப்பமரம், அதுக்குள்ள எலையும் பூவும் மக்கி மண்ணாவே மாறி, தண்ணி வடியற ஓட்டைய அடைச்சிருந்துச்சு. மழை பெஞ்சா அந்தத் தண்ணி கேபினுக்குள்ள கால் மிதி பக்கம்தான் எறங்கும்.

ஆயில் பிசுக்கு இருக்கிற எடத்துக்கு மட்டும் டிகிரீசர், பாட்டில்ல சொல்லியிருக்கிற அளவுக்குத் தண்ணி கலந்து, நேரா ஸ்பிரே பண்ணாம பிரஷ்ல நனைச்சுத் தேய்ப்பேன். காய விடக் கூடாது, ஒடனே ஈரத்துணியால துடைச்சு எடுத்துரணும். துணிக்கு எங்க ஊர்ல பஞ்சமே இல்ல, திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்குல கெடைக்கும், நல்லா உறிஞ்சும், நூல் பிரியாது. முடிச்சதும் கவரெல்லாம் எண்ணி எடுத்துட்டு, பானட்டைத் தூக்கியே வச்சு ராத்திரி பூரா காய விட்டு காலைலதான் ஸ்டார்ட். இஞ்சின் ஹெட்டுக்கு மேல மூடியிருக்கிற டேப்பட் கவரோட பேக்கிங்ல லேசா ஆயில் கசியறது இந்தத் தடவை அப்படித்தான் தெரிஞ்சுது, சுத்தமா இருந்த ஹெட்டு ஓரத்துல கண்ணாடியா ஒரு கோடு எறங்கியிருந்துச்சு. பேக்கிங் மாத்திட்டேன், இல்லைன்னா அது எக்ஸாஸ்ட் மேல சொட்டி பொகையாத்தான் தெரிஞ்சிருக்கும்.

உங்க ஊர்ல எப்படின்னு சொல்லுங்க.

- - -

அண்ணே அருமையா எழுதியிருக்கீங்க. நான் தஞ்சாவூர் பக்கம் கிராமம், எங்களுக்குப் பஞ்சு இல்ல, எலிதான். அறுப்பு முடிஞ்சு வயல் காலியானா அங்க இருக்கிற எலியெல்லாம் வீட்டுப் பக்கம் வந்துடும், வெதுவெதுன்னு இருக்கிற எடம் எதுன்னா ராத்திரி வந்து நிக்கிற கார் இஞ்சின்தான். பானட்டுக்கு அடியில ஒட்டியிருக்கிற இன்சுலேஷன பிச்சு பேட்டரிக்குப் பின்னாடி கூடே கட்டிருச்சு, உள்ள நெல்லு, வேர்க்கடலைத் தோலு, கோழி எலும்பு. வயரிங் கிட்ல ரெண்டு எடத்துல செம்பு தெரியுது.

இதுல ஒரு விஷயம் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். எலி இருந்த பானட்ட காஞ்சபடியே பிரஷ் போட்டுத் தட்டாதீங்க, ஏர் அடிக்காதீங்க. எலி மூத்திரத்துல இருந்துதான் எலிக்காய்ச்சல் வருது, கைல சின்னக் கீறல் இருந்தாலே அது வழியா உள்ள போயிடும். பானட்டுக்குள்ள கை விட்டா கீறாம வர்றவன் யாரு? எங்க தெருவுல ஒருத்தருக்கு அந்தக் காய்ச்சல் வந்து மஞ்சக்காமாலை ஆகி ஆஸ்பத்திரில படுத்திருந்ததைப் பாத்திருக்கேன், அவருக்கு வயல் வேலைல வந்தது, ஆனா பயம் பயம்தான். நான் முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ், மூக்குக்கு மாஸ்க், டெட்டால் கலந்த தண்ணிய கூட்டு மேலயும் புழுக்கை மேலயும் நல்லா நனையத் தெளிச்சு கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் துணியால அள்ளி கவர்ல கட்டிப் போட்டேன். பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தலாம்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு, நான் வேணாம்னுட்டேன், அது அலுமினியத்தையும் டெர்மினலையும் அரிச்சுடும்.

இன்னொண்ணு, எலி இருக்கிற எடத்துக்கு அதத் தேடிக்கிட்டு பாம்பும் வரும். எங்க அக்கா வீட்டுல பானட்ட திறந்தப்ப ஏர் ஃபில்டர் டப்பா மேல சுருண்டு கெடந்துச்சு, தண்ணி ஊத்தி விரட்டலாம்னு அத்தான் குழாயை எடுக்கப் போனாரு, அக்கா தடுத்துடுச்சு. தண்ணி பட்டா அது இன்னும் இடுக்குக்குள்ளதான் போகும், டேஷ்போர்டு வழியா உள்ள வந்தாலும் வந்துடும். தீயணைப்புக்கு 101 போட்டாங்க, வந்து கொக்கி வச்சு எடுத்துட்டுப் போனாங்க, காசு எதுவும் கேக்கல. இப்பல்லாம் திறக்குறதுக்கு முன்ன பானட் மேல ரெண்டு தட்டு தட்டிட்டுதான் திறக்கிறோம். பூனைக்குட்டி படுத்திருந்தாலும் எறங்கி ஓடிடும்ல.

- - -

வேளச்சேரில இருந்து எழுதறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைல எங்க அபார்ட்மெண்ட் ஸ்டில்ட் பார்க்கிங்ல பேனட் உயரம் தண்ணி. வடிஞ்சதும் நெறைய பேர் பண்ணது ஒரே விஷயம்தான், ஓடுதான்னு பாக்க சாவியைத் திருப்பினாங்க. உள்ள தண்ணி புகுந்திருந்தா அது காத்து மாதிரி அமுங்காது, பிஸ்டன் மேல வந்து மோதும், கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அதுக்கு மேல, தண்ணி நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி இஞ்சின் போச்சுன்னா சாதாரண பாலிசில கிளெயிம் கிடைக்கிறது கஷ்டம், இஞ்சின் புரொடெக்ஷன்னு தனியா ஆட் ஆன் எடுத்திருக்கணும். நான் பேட்டரியை மட்டும் கழட்டிட்டு, எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துட்டு டோ வண்டிக்கு வெயிட் பண்ணேன்.

நான் சொல்ல வந்தது வெள்ளச் சேறைப் பத்தி. அது நார்மல் தூசி இல்லைங்க, சாக்கடை, எண்ணெய், களிமண்ணு எல்லாம் கலந்தது, காஞ்சா சிமெண்ட் போல புடிச்சுக்கும். சர்வீஸ்ல இஞ்சின் வேலையெல்லாம் முடிச்சு வண்டி வந்தப்புறமும் கப்ளர் இடுக்குல, ரேடியேட்டர் ஃபேன் கூடு உள்ள, பேட்டரி தட்டுக்கு அடில எல்லாம் சேறு அப்படியே இருந்தது. ஒவ்வொரு கப்ளராக் கழட்டி கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே பண்ணி பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சேன். உள்ள பின்னு பச்சை புடிச்சிருந்தது, பித்தளைச் சொம்புல புடிக்குமே அந்தப் பச்சை. அதை அப்போ விட்டிருந்தா ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒவ்வொரு சென்சாரா எரர் காட்ட ஆரம்பிச்சிருக்கும், எங்க பிளாக்லயே அப்படி ஆன வண்டி இருக்கு. கான்டாக்ட் கிளீனர் அடிக்கும்போது பேட்டரி கனெக்ஷன் இருக்கவே கூடாது, அது பத்திக்கிற ஐட்டம், காஞ்சப்புறம்தான் மாட்டணும்.

பேட்டரி டெர்மினல்ல பூத்திருக்கிற வெள்ளைப் பொடிக்கு ஆப்பசோடா வெந்நீர்ல கரைச்சு பிரஷ்ல தடவினா நுரைச்சுக் கரைஞ்சிடும். ஆனா தண்ணி ஊத்துற டைப் பேட்டரியா இருந்தா மூடிக்குள்ள அது போயிடக் கூடாது, உள்ள ஆசிட்டையே கெடுத்துடும். துடைச்சுட்டு மேல வாசலின் தடவி விட்டுருங்க.

- - -

எல்லாரும் சொன்னது நல்லா இருக்கு, ஆனா டிகிரீசர் எல்லாம் எதுக்கு, கொஞ்சம் மண்ணெண்ணெய் இல்ல டீசல் போட்டா பிசுக்கு நிமிஷத்துல போயிடுமே, எங்க ஊர்ல எல்லா பட்டறைலயும் அப்படித்தானே செய்றாங்க? அப்புறம் எங்க வீட்டுல இப்ப பெட்ரோல் இஞ்சினோட கரண்ட் மோட்டாரும் இருக்கிற ஹைபிரிட் வண்டி வாங்கியிருக்கோம், அதுலயும் இதே மாதிரி பண்ணலாமா?

- - -

தம்பி, எங்கப்பா நாமக்கல்ல லாரி பட்டறை வச்சிருந்தவரு, நான் அந்த வாசனைலயே வளந்தவ, அதனால சொல்றேன் கேளுங்க. பட்டறைல மண்ணெண்ணெய்ல கழுவுறது கழட்டிப் போட்ட பார்ட்ஸைத்தான், அதுவும் தட்டுல வச்சு, திறந்த வெளில. வண்டில மாட்டியிருக்கிற இஞ்சின் மேல ஊத்த மாட்டாங்க. மண்ணெண்ணெய் 38 டிகிரி வாக்குலயே பத்திக்கிற ஆவி விட ஆரம்பிச்சுடும், நம்ம ஊர்ல சித்திரை வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள அந்தச் சூடு சாதாரணம். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினா எக்ஸாஸ்ட் சூடேறும், எங்கயாவது ஒரு வயர் பொறி விடும். அப்பா கண்ணு முன்னாடியே ஒரு டெம்போ அப்படி எரிஞ்சிருக்கு, ஓனர் வீட்டுலயே கழுவிட்டு பட்டறைக்கு ஓட்டிட்டு வந்தாரு, கேட்டுக்கு வெளியவே பொகை. மண்ணு வாரி போட்டு அணைச்சாங்க. பெட்ரோல்ல துணி நனைச்சுத் துடைக்கிறவங்களும் இருக்காங்க, அது இதைவிட மோசம், நினைச்சே பாக்காதீங்க.

தீ ஒரு பக்கம், ரப்பர் இன்னொரு பக்கம். டீசல் பட்டுப்பட்டு பெல்ட்டும் ஓஸும் ஊறி உப்பிடும், கைல அமுக்கினா நொசநொசன்னு இருக்கும், அப்புறம் ஒரு நாள் நடுரோட்டுல பிச்சுக்கும்.

கழுவின எண்ணெய்த் தண்ணியையும் சாக்கடைல விடாதீங்க, கீழ மரத்தூள் இல்ல மணல் பரப்பி வச்சா சொட்டுறதெல்லாம் ஊறிக்கும், அள்ளிடலாம். கூலண்ட் சிந்தினா ஒடனே தண்ணி ஊத்திக் கழுவி விடுங்க, அது இனிப்பா இருக்கும், நாயும் பூனையும் நக்கிடும், நக்கினா கிட்னி போயி செத்துடும். பட்டறை நாய் ஒண்ணு அப்படிப் போச்சு, அப்பா அன்னைக்கு சாப்பிடவே இல்ல.

- - -

அக்கா சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லீங்க, மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம் தம்பி.

ஹைபிரிட்ல ஆரஞ்சு கலர்ல தடியா கேபிள் ஓடும் பாருங்க, அது ஹை வோல்டேஜ், ஆளையே அடிச்சுரும், அந்தக் கேபிளையோ அது போய்ச் சேர்ற டப்பாவையோ கழட்டறதோ அதுமேல டிகிரீசர் அடிக்கிறதோ கூடவே கூடாது. சின்ன 12 வோல்ட் பேட்டரிய கழட்டிட்டோமே, இனி பயமில்லன்னும் நினைக்காதீங்க, பெரிய பேட்டரி தனியா சார்ஜோடதான் இருக்கும். அந்த வண்டிக்கு ஆஃப் பண்ணி, டேஷ்போர்டுல ரெடி லைட் அணைஞ்சுருச்சான்னு பாத்துட்டு, சாவிய தூரமா வச்சுட்டு, பிளாஸ்டிக் மூடிகள மட்டும் ஈரம் பிழிஞ்ச துணியால துடைங்க. மத்தத ஹை வோல்டேஜ் டிரெய்னிங் எடுத்த ஆளுகிட்ட விட்டுருங்க.

தஞ்சாவூர் தம்பி, அந்தச் செம்பு தெரிஞ்ச வயர என்ன பண்ணீங்க? வெறும் இன்சுலேஷன் டேப் சுத்தி விட்டிருந்தா ஒருக்கா திறந்து பாருங்க, இஞ்சின் சூட்டுல அந்தப் பசை எளகி டேப்பு கழண்டுக்கும். சால்டர் வச்சு, சூடு காட்டினா சுருங்கி இறுகுற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டாத்தான் நிக்கும். வேற எங்க கடிச்சிருக்குன்னும் ஃப்யூல் பைப் வரைக்கும் டார்ச் அடிச்சுப் பாத்துருங்க, பெட்ரோல் வாடை லேசா வந்தாக்கூட ஸ்டார்ட் பண்ணாதீங்க.